கீழக்கரை சங்கு வியாபாரி ஒருவரின் வாழ்க்கையையும் வம்சத்தையும் எழுத வேண்டும், எதிலிருந்து தொடங்குவது?

சங்குத்துறை எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும், அனைவருக்கும் வணக்கம். என் உம்மாவின் பாட்டனார் கீழக்கரையில் சங்கு வாங்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பியவர். கொழும்பிலும் கடை இருந்தது. ஊரில் ஒரு குடிதண்ணீர்க் கிணறும் மதரஸாவுக்கு விட்ட இடமும் இன்றும் அவர் பேரில்தான் பேசப்படுகின்றன. அவருடைய வாழ்க்கையையும் வம்சத்தையும் சிறு நூலாகக் கொண்டுவர வேண்டும்.

கையில் இருப்பவை: ஒரு கணக்கேடு, அரபுத்தமிழில் (அரபு எழுத்தில் எழுதிய தமிழில்) கொஞ்சம் கடிதங்கள், இரண்டு பத்திரங்கள், மீசான் கல் (கல்லறைக் கல்). வாய்மொழியாக இருப்பவை: "நாம் சீதக்காதி வம்சம்", "தாது வருஷத்துப் பஞ்சத்தில் கஞ்சி ஊற்றினார்", "1900 வாக்கில் தனுஷ்கோடியில் கப்பலேறிக் கொழும்பு போய்க் கடை போட்டார்". எதை முதலில் கையில் எடுப்பது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்திரக்காரர் எழுதியது:

வ அலைக்கும் ஸலாம் தம்பி. பத்திரத்திலிருந்து தொடங்குங்கள். வாய்மொழிக்கு வருஷம் கிடையாது. பத்திரத்தில் வருஷம், அப்பா பெயர், குடியிருந்த தெரு, தொழில், நான்கெல்லை என்று ஐந்தும் ஒரே தாளில் கிடைத்துவிடும்.

பத்திரத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பதிவு எண், ஆண்டு, எத்தனையாவது புத்தகம், வால்யூம், பக்கம் எல்லாம் அங்கே இருக்கும். சொத்து சம்பந்தப்பட்டது 1-ஆம் புத்தகம், உயில் 3-ஆம் புத்தகம், அசையாச் சொத்து சேராத மற்ற ஆவணங்கள் 4-ஆம் புத்தகம். இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்றில் மிகப் பழைய ஆண்டுகள் வராமல் போகலாம். அப்படி வராதவற்றுக்கு மனுப் போட்டுக் கையால் தேடச் சொல்ல வேண்டும். சொத்தை வைத்துத் தேடினால் அந்த ஒரு சொத்தோடு நின்றுவிடும். பெயர் அட்டவணையில் தேடச் சொல்லுங்கள், அவர் வாங்கியது, விற்றது, தானம் விட்டது எல்லாம் வரிசையாக வரும். 1-ஆம் புத்தகத்தை யாரும் பார்க்கலாம். உயிலின் நகலை, எழுதியவர் இறந்த பிறகு, யார் கேட்டாலும் தருவார்கள். 4-ஆம் புத்தகத்தில் மட்டும் எழுதிக் கொடுத்தவர், உரிமை கோருபவர், அவர்களின் பிரதிநிதிகள் என்று வரம்பு உண்டு.

தேடல் எங்கே சறுக்கும் என்றால், இப்போதைய சார்பதிவகம் பின்னாளில் பிரிந்ததாக இருக்கும், பழைய வால்யூம் தாய் அலுவலகத்திலேயே தங்கியிருக்கும். "இந்த ஆபீசில் இல்லை" என்ற பதிலை "பத்திரமே இல்லை" என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஜமீன்_கோப்பு எழுதியது:

பத்திரக்காரர் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 1948 எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் வரும்வரை இந்தப் பகுதி இராமநாதபுரம் ஜமீன் ஆளுகையில் இருந்தது. அதனால் பழைய பத்திரத்தில் இன்றைய சர்வே எண்ணைத் தேடிப் பயனில்லை. "கிழக்கே இன்னார் தோப்பு, வடக்கே பள்ளிவாசல் மதில்" என்றுதான் இருக்கும். எல்லை சொல்லும் பக்கத்து வீட்டுக்காரர்களின் பெயர்களையும் தனியாக எழுதி வையுங்கள். பாதிப் பேர் சம்பந்திகளாக இருப்பார்கள்.

இன்னொன்று, இராமநாதபுரம் தனி மாவட்டம் ஆனதே 1910-இல். அதற்கு முந்திய மாவட்டக் கோப்புகள் மதுரை மாவட்டத்தின் பேரில் இருக்கும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் "இராமநாதபுரம்" என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் 1910-க்கு முந்தியது கைக்கு வராது.

அந்தக் கப்பல் கதையையும் சரிபார்த்துவிடுங்கள். பாம்பன் பாலம் திறந்தது 1914 பிப்ரவரி 24. தனுஷ்கோடி–தலைமன்னார் கப்பல் தொடங்கியதும் அதே ஆண்டுதான். 1900-இல் கொழும்புக்குப் போனவர் தூத்துக்குடியில் கப்பலேறியிருப்பார், இல்லையென்றால் இங்கிருந்தே தோணியில் போயிருப்பார். ஆகவே வருஷம் தவறு, அல்லது வழி தவறு. தலைமுறைகள் கலந்த கதையாகவும் இருக்கலாம்: கடை போட்டது பாட்டனார், தனுஷ்கோடி வழியாகப் போய்வந்தது அவர் மகன்.

ஹிஜ்ரி_ஈசவி எழுதியது:

மீசான் கல்லைப் பற்றி. கம்பி பிரஷ், ஆசிட், சுண்ணாம்பு எதுவும் படக்கூடாது. கடற்கரைக் கல்லில் உப்பு ஊறியிருக்கும், மேல்தோல் பொரிந்து நிற்கும். தேய்த்தால் எழுத்தோடு உரிந்து வந்துவிடும். எழுத்தில் மாவு, சாக்பீஸ் பூசுவதையும் நிறுத்துங்கள், அது துளைக்குள் தங்கி ஈரத்தைப் பிடித்து வைக்கும். காலை ஏழு மணி வெயில் பக்கவாட்டில் விழும்போது படம் எடுங்கள். கல் மேற்கே பார்த்து நின்றால் மாலையில் எடுங்கள், அல்லது ஒருவர் முகக்கண்ணாடி பிடித்து வெயிலைச் சாய்வாகத் திருப்பட்டும். ஒரே இடத்திலிருந்து நாலு கோணத்து வெளிச்சத்தில் நாலு படம் எடுத்தால் அழிந்த எழுத்தும் ஏதாவது ஒன்றில் தெரியும்.

ஆண்டு ஹிஜ்ரியில்தான் (இஸ்லாமியச் சந்திர ஆண்டில்) இருக்கும். அதை 0.97-ஆல் பெருக்கி 622 கூட்டுங்கள். ஹிஜ்ரி 1300 என்றால் 1261 + 622 = 1883. உண்மையில் ஹிஜ்ரி 1300 தொடங்கியது 1882 நவம்பர் 12, ஆகவே மாதத்தையும் பார்க்காமல் ஆங்கில வருஷத்தை முடிவு செய்யாதீர்கள். வயதைக் கணக்கிடும்போதும் இதே கவனம் வேண்டும். ஹிஜ்ரிக் கணக்கில் 66 வயது என்றால் ஆங்கிலக் கணக்கில் 64 தான். நாள் மாறுவது மஃரிபுக்கு (சூரியன் மறையும்போது) என்பதால் வெள்ளி இரவு மௌத்து (இறப்பு) என்று கல்லில் இருந்தால், வீட்டுக் குறிப்பில் வியாழன் என்றிருப்பதும் சரியே.

எண்ணே இல்லாமல் கடைசி வரியில் ஒரு பாட்டுப்போல அரபு வாசகம் இருந்தால், அது அப்ஜத் கணக்கா என்று ஆலிம் (மார்க்க அறிஞர்) ஒருவரிடம் காட்டுங்கள். அலிஃப் 1, பா 2, கைன் 1000 என்று எழுத்துக்கு எழுத்து மதிப்பு உண்டு, கூட்டினால் மௌத்தான வருஷம் வரும்.

கணக்கேட்டின் தலைப்பில் ௭௮௬ என்று இருந்தால் அது பிஸ்மில்லாஹ்வின் அப்ஜத் கூட்டுத்தொகையான 786. ஆண்டு என்று எடுத்து எழுதிவிடாதீர்கள்.

சங்குத்துறை எழுதியது:

ஆமாம் காக்கா, ஏட்டில் முதல் பக்கத்தில் அந்த எண் இருக்கிறது. உள்ளே இருக்கும் எண்கள் சிலது புரியவில்லை. ஓர் இடத்தில் ௲௮௱௭௰௬, அதன் பக்கத்தில் ௵ போல ஒரு குறி. கீழே "ஜாதி", "பட்டி" என்று எழுதித் தொகை போட்டிருக்கிறது. சாதிவாரியாக யாருக்கோ கொடுத்த கணக்கா இது?

பேரேடு எழுதியது:

அது சங்கு. மன்னார் வளைகுடாப் பக்கம் எடுக்கும் சங்கை ஜாதி என்றும், பாக் நீரிணைப் பக்கத்துச் சங்கைப் பட்டி என்றும் வியாபாரத்தில் பிரிப்பார்கள். இரண்டுக்கும் விலை வேறு. வங்காளத்தில் வளையல் அறுக்கும் சங்காரிகள் சங்கின் பருமனும் ஓட்டின் கனமும் பார்த்து வாங்கியதால், இங்கே வகை பிரித்தே அனுப்ப வேண்டும். உயிரோடு எடுத்த சங்கு தனி, செத்துக் கிடந்து புழு துளைத்த சங்கு தனி. கடைசிக் கணக்கில் "கழிவு" என்று ஒரு வரி இருந்தால் அந்தப் புழுச் சங்காக இருக்கலாம்.

௲௮௱௭௰௬ என்பதை இடமிருந்து வலமாக ஆயிரம், எட்டு நூறு, ஏழு பத்து, ஆறு என்று படியுங்கள்: 1876. பழைய முறையில் பூஜ்யம் இல்லை, ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௶ பற்று, ௷ வரவு, ௸ மேற்படி, ௹ ரூபாய். சறுக்கும் இடம்: ௧ என்பதைக் க என்றும், ௭ என்பதை எ என்றும், ௮ என்பதை அ என்றும் படித்துவிட்டு, ஆள் பெயரின் முதலெழுத்து என்று நினைப்பது. தொகைப் பத்தியில் நிற்கிறதா, பெயர்ப் பத்தியில் நிற்கிறதா என்று பாருங்கள்.

1876 என்றால் உங்கள் கதைக்கு அது பெரிய விஷயம். அதுதான் தாது வருஷம். அந்த ஏட்டில் 1876–78 பக்கங்களை வரி வரியாகப் பாருங்கள். கஞ்சி ஊற்றியிருந்தால் அரிசி, கேப்பை, விறகு வாங்கிய பற்று இருக்கும், அண்டா வாடகைகூட இருக்கும். எத்தனை மூட்டை, யாரிடம், என்ன விலைக்கு என்று கிடைத்தால், "பஞ்சத்தில் கொடுத்த வள்ளல்" என்ற ஒரு வரிக்குப் பதிலாக அவர் செய்ததையே வாசகருக்கு முன் வைக்கலாம். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று கூட்டுங்கள். தசமப் புள்ளியிட்டு ரூபாய்க்கு நூறு காசாக்கிவிட்டால் ஒரு கூட்டலும் ஒத்துவராது.

இன்னொரு முக்கியமான விஷயம் மகமை. சங்கு இத்தனைக்கு இத்தனை, மூட்டைக்கு இத்தனை என்று வியாபாரிகள் எல்லாரும் பள்ளிவாசலுக்கோ ஊர்ப் பொதுவுக்கோ ஒதுக்கிய பணம் அது. ஏட்டில் "மகமை வரவு" என்று இருந்தால் அவர் அந்தப் பணத்தை வாங்கி வைத்திருந்தவர், "மகமைப் பற்று" என்று இருந்தால் கொடுத்தவர். கிணறு அவர் கைப்பணத்தில் வெட்டியதா, மகமைப் பணத்தை அவர் பொறுப்பில் வைத்து வெட்டியதா என்பது இங்கேதான் தெரியும். இரண்டாவதாக இருந்தாலும் அவருக்குக் குறைவில்லை. ஊர்ப் பணத்தை ஒருவரிடம் நம்பி விடுவதே அவருடைய நாணயத்துக்குச் சாட்சி. எது நடந்ததோ அதை அப்படியே எழுதுங்கள்.

சேதுக்கரை எழுதியது:

சீதக்காதி வம்சம் என்பதை முதல் அத்தியாயத்தில் போடுங்கள். ஊரே சொல்வதுதானே? அந்தப் பெருமை இல்லாமல் கீழக்கரை வியாபாரி வரலாறு எப்படி நிறையும்?

மரக்கலம் எழுதியது:

சேதுக்கரை சார், உங்கள் ஆசை புரிகிறது. ஆனால் போட வேண்டிய இடம் முதல் அத்தியாயம் இல்லை. ஷெய்கு அப்துல் காதிர் என்ற சீதக்காதி, இராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி காலத்தவர், 17-ஆம் நூற்றாண்டின் பின்பகுதி. மார்க்க அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் நெருக்கம், சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கு ஆதரவு, பஞ்சத்தில் சோறு போட்டதைப் படிக்காசுப் புலவர் பாடியது எல்லாம் அவருக்கு உரியவை. தம்பியின் பாட்டனாருக்கும் அவருக்கும் நடுவே ஏறக்குறைய 200 ஆண்டு, அதாவது ஏழெட்டுத் தலைமுறை. அத்தனை பெயரும் வரிசையாகக் கையில் இருந்தால் வம்சம் என்று எழுதலாம். இல்லையென்றால் "குடும்பத்தில் அப்படிச் சொல்லி வருகிறார்கள்" என்று ஒரு வரி போதும்.

சீதக்காதி வரலாற்றிலேயே இந்தப் பாடம் இருக்கிறது. டச்சுக்காரர் ஆவணங்களில் "பெரிய தம்பி" என்ற பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. அதைப் பார்த்த இடமெல்லாம் சீதக்காதி என்ற ஒரே ஆள் என்று எடுத்தால் ஒரு மனிதர் தலையில் ஒரு குடும்பமே செய்த வேலை ஏறிவிடும். அதே போல, சீறாப்புராணம் முழுவதும் சீதக்காதியின் செலவில் பாடப்பட்டது என்று எழுதுகிறவர்கள் உண்டு. அவர் மறைவுக்குப் பிறகு பறங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர்தான் தாங்கினார், நூலுக்குள்ளேயே அபுல் காசிமின் புகழ் வருகிறது. ஒரு வள்ளலின் பெயர் பெரிதாகும்போது பக்கத்தில் நின்று கொடுத்த இன்னொருவர் பெயர் மறைந்துவிடக் கூடாது. உங்கள் பாட்டனாருடன் மகமைக் கணக்கில் கையெழுத்துப் போட்ட மற்ற வியாபாரிகளின் பெயரையும் நூலில் சேருங்கள்.

பேரனுக்குப் பாட்டன் பெயர் வைப்பது நம் வழக்கம். ஒரே பெயரில் 1860-இலும் 1915-இலும் பத்திரம் இருந்தால் தகப்பன் பெயரைப் பார்த்த பிறகே எந்த ஆள் என்று முடிவு செய்யுங்கள்.

தொண்டிக் கரை எழுதியது:

இதே கரையில் பரதவர் குடும்ப வரலாறு எழுதுகிறவர்களுக்குப் பங்குக் கோயில் திருமுழுக்குப் பதிவேடு இருக்கிறது. குழந்தை, பெற்றோர், ஞானப்பெற்றோர் எல்லாம் ஒரே வரியில் கிடைக்கும். மரைக்காயர் குடும்பங்களுக்கு அதற்கு ஈடு ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேடுதான். வலீ (பெண்ணின் பொறுப்பாளர்) யார், சாட்சி யார், மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடை) எவ்வளவு என்று மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வலீயாகத் தகப்பன் இல்லாமல் அண்ணனோ பெரியவாப்பாவோ இருந்தால் தகப்பன் அந்தத் தேதிக்கு முன்பே காலமாகியிருக்கலாம்.

பத்திரக்காரர் எழுதியது:

மதரஸா இடத்துக்கு வருகிறேன். வக்ஃபு (அறத்துக்கென ஒதுக்கிய சொத்து) எழுதியிருந்தால் அந்தப் பத்திரத்தில் வாழ்க்கை வரலாறே இருக்கும்: சொத்து அட்டவணை, எந்தச் செலவுக்கு எவ்வளவு, முத்தவல்லி (நிர்வாகி) பொறுப்பு யாருக்குப் பின் யார். 1913-க்கு முன்னால் குடும்பத்துக்கும் பங்கு வைத்து எழுதிய வக்ஃபுகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை, 1894-இல் அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் அப்படித் தீர்ப்புச் சொன்னது. 1913 சட்டம்தான் அதைச் சரிசெய்தது. ஆகவே அதற்கு முன் எழுதிய பத்திரத்தையே திரும்ப எழுதியிருந்தால் காரணம் சண்டையாக இருக்க வேண்டியதில்லை.

பத்திரம் காணாமல் போயிருந்தால் இரண்டு இடம் பாருங்கள். 1923 வக்ஃபுச் சட்டப்படி முத்தவல்லிகள் சொத்து விவரத்தையும் கணக்கையும் மாவட்ட நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. பிறகு 1954 சட்டப்படி வக்ஃபுகளைக் கணக்கெடுத்து அரசிதழில் பட்டியல் வெளியிட்டார்கள். பட்டியலில் வக்ஃபு செய்தவர் பெயருக்குப் பதிலாகப் பள்ளிவாசல் பெயரே இருக்கலாம், ஊரையும் பரப்பளவையும் வைத்து அடையாளம் காணுங்கள்.

பிற்காலக் கொடையாளிகளுக்கு வழி வேறு. கீழக்கரையில் 1927-இல் பிறந்த பி.எஸ். அப்துர் ரஹ்மான் போன்றவர்கள் அறக்கட்டளை மூலம் கல்லூரிகள் நடத்தினார்கள். 1984-இல் வண்டலூரில் கிரெசென்ட், 1988-இல் கீழக்கரையில் பெண்கள் கல்லூரி. அந்தத் தலைமுறைக்கு டிரஸ்ட் பத்திரமும் ஆண்டறிக்கையும் போதும். உங்கள் பாட்டனார் தலைமுறைக்கு வக்ஃபும் மகமையும்தான்.

இப்போது வம்சாவளி. பாகப்பிரிவினைப் பத்திரம் இருந்தால் பின்னத்தைப் பாருங்கள். பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு அரைக்கால், அதாவது 1/8. மீதி 7/8-இல் ஆணுக்கு இரண்டு பங்கு, பெண்ணுக்கு ஒன்று. இரண்டு மகன், மூன்று மகள் என்றால் ஒவ்வொரு மகளுக்கும் 1/8, ஒவ்வொரு மகனுக்கும் 2/8. கணக்கு நேராக வரும். மனைவிக்கு 1/16, அதாவது மாகாணி மட்டும் என்று எழுதியிருந்தால் இன்னொரு மனைவியும் உயிரோடு இருந்திருக்கிறார் என்று பொருள். கொழும்பில் கடை வைத்திருந்தவர்களின் ஏட்டில் இது புதிதில்லை. ஆனால் ஒரு எச்சரிக்கை: தகப்பனுக்கு முன்பே இறந்த மகனின் பிள்ளைகளுக்கு, வேறு மகன் இருக்கும்போது, வாரிசுப் பங்கு வராது. பாகப் பத்திரத்தை மட்டும் நம்பி வம்சம் போட்டால் அந்த அனாதைப் பேரப்பிள்ளைகள் விடுபட்டுப் போவார்கள். அவர்களுக்குத் தனியாக வஸிய்யத்தோ (உயிலோ) தானமோ எழுதியிருக்கிறாரா என்று தேடுங்கள். எழுதியிருந்தால் மனிதரின் மனசு அங்கே தெரியும்.

சேதுக்கரை எழுதியது:

இரண்டாவது மனைவி, பாகத் தகராறு, கோர்ட் வழக்கு இதெல்லாம் அச்சில் ஏற வேண்டுமா? தர்மம் செய்தவரின் நூல் அல்லவா?

ஜமீன்_கோப்பு எழுதியது:

ஏற வேண்டும் சார், மரியாதையோடு. அந்த மனைவிக்கும் பிள்ளைகள் இருப்பார்கள், அவர்கள் பிள்ளைகளும் இதே நூலைத் தேடிப் படிப்பார்கள். இல்லாதவர்களாக அவர்களை எழுத நமக்கு உரிமை இல்லை. வழக்கைப் பொறுத்தவரை, மேல்முறையீட்டுக்குப் போன சொத்து வழக்குகளில் வம்சாவளி அட்டவணையும் சாட்சி வாக்குமூலமும் வழக்குக் கட்டுக்குள் இருக்கும். ஊரில் வேறெங்கும் கிடைக்காத விவரம் அது. ஆனால் வழக்கில் இரு தரப்பும் தனக்கு வேண்டியபடி வம்சம் சொல்லும். நீதிபதி ஏற்றது எது என்று தீர்ப்பைப் படித்த பிறகே எடுங்கள்.

கொழும்புச் சொத்துக்கு அங்கே மாவட்ட நீதிமன்றத்தில் இறந்தவர் சொத்து நிர்வாக வழக்கு நடந்திருக்கலாம். "டெஸ்டமென்டரி" கோப்பு என்று கேளுங்கள். கடையின் சரக்கு, வரவேண்டிய கடன், வாரிசுகள் எல்லாம் பட்டியலாக இருக்கும்.

ஹிஜ்ரி_ஈசவி எழுதியது:

அரபுத்தமிழ்க் கடிதம் படிக்க ஒரு வழி. அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குக் கூடுதல் புள்ளி வைத்த எழுத்துகள் உண்டு. மை உதிர்ந்து புள்ளி போனால் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும்தான் முதலில் கெடும். வேகமாக எழுதியவர்கள் உயிர்க்குறியையும் விட்டுவிடுவார்கள். அதனால் முதல் கடிதத்தைத் தனியாகப் படித்து முடிக்கப் பார்க்காதீர்கள். எல்லாக் கடிதத்திலும் ஒன்றாக வரும் தலைப்பு ஸலாம் வரிகளை முதலில் படியுங்கள். அந்தக் கை, எழுத்தை எப்படி வளைக்கிறது என்று பிடிபட்ட பிறகு உள்ளே போங்கள். மடிப்புக் கோட்டில் விரிக்கும்போது கிழியும், ஒட்டுநாடா மட்டும் போடவே போடாதீர்கள், பசை மையை இழுத்துவிடும்.

சங்குத்துறை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஒரு கேள்வி பாக்கி. வம்ச மரத்தை ஆண் வழியில் வரைந்தால் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீடு எங்கிருந்து வந்தது என்றே விளங்கவில்லை. எப்படி வரைவது?

மரக்கலம் எழுதியது:

கீழக்கரையில் மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். வீடு மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. ஆகவே இரண்டு மரம் வரையுங்கள். ஒன்று வியாபாரம் போன வழி, தகப்பன்–மகன். மற்றது வீடு போன வழி, தாய்–மகள். இரண்டாவதுக்குப் பத்திரம் கிடைக்காமல் போகலாம். வாய்ச்சொல்லால் கொடுத்து, பெற்றவர் ஏற்று, வீட்டை ஒப்படைத்துவிட்டால் ஹிபா (உயிரோடு இருக்கும்போது தரும் தானம்) செல்லும், பதிவு தேவையில்லை. வில்லங்கத்தில் பெயர் வரவில்லை என்பதற்காக அந்தப் பெண்ணை விட்டுவிடாதீர்கள். பழைய வீட்டு வரி ரசீதைப் பாருங்கள், பக்கத்து வீட்டுப் பத்திரங்களின் நான்கெல்லையைப் பாருங்கள்: "இன்னார் மகள் இன்னா வீட்டுக்குத் தெற்கு" என்று அவள் பெயர் அங்கே நிற்கும்.

பெயர் அட்டவணையில் தேடும்போது ஒரே பெண் ஓர் இடத்தில் பீவி, இன்னோர் இடத்தில் நாச்சியா, வேறோர் இடத்தில் உம்மா என்று ஒட்டு மாறி வருவாள். எல்லா ஒட்டையும் போட்டுத் தேடச் சொல்லுங்கள்.